இடது ஷூவின் அடி

குத்துச்சண்டைக்காரர்கள் கடைக்கு வந்தால்
முகத்தை நான் பார்ப்பதில்லை.
மூக்கு, யாரோ ஏற்கெனவே திருத்தி எழுதியது.
வாய் தன் பங்குக்கு அளக்கும்.
ஷூவைக் கவிழ்த்து வைக்கிறேன்.
அடி பிறப்பது அடியில்தான்.

தெபிட்டோவில்
சோளரொட்டி வண்டிக்கும் போலிக் கைக்கடிகாரங்களுக்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் அகலம் என் பிழைப்பு.
மழை பிடித்தால் தார்ப்பாய் ஒழுகும்,
பசை காய இரண்டு நாள் ஆகும்.

செவ்வாயன்று வந்தது காசில்தா ஓல்வேராவின் ஜோடி.
சிவப்பு. கணுக்காலுக்கு மேல் உயரம். நாடா மட்டும் புதுசு.
இடது ஷூவில், பெருவிரலுக்குக் கீழே,
பத்து பேசோ நாணயம் அளவுக்கு
வட்டமாகத் தேய்ந்திருந்தது ரப்பர்.
இந்த வட்டம் எனக்குத் தெரியும்.
இடது கை ஹூக்காக வளைவதற்கு முன்பே
முன்கால் அங்கே திரும்புகிறது,
பூச்சியை நசுக்குவதுபோல,
இல்லை, அவ்வளவு வெறுப்பு வேண்டாம்,
பூட்டுக்குள் சாவி திரும்புவதுபோல.
குதிகால் வெளியே போகிறது,
முழங்கால் கூடவே, இடுப்பு அதன் பின்னே,
முன்காலில் தேங்கிய பாரமெல்லாம்
ஒரே சாய்ப்பில் பின்காலுக்கு ஊற்றப்படுகிறது.
கை கடைசியில்தான் வருகிறது,
சாத்துகிற கதவோடு சேர்ந்து வரும் கைப்பிடி மாதிரி.

புதனன்று இன்னொரு ஜோடி.
நியெவெஸ் அர்சாத்தே, நெசா பக்கம்,
பகலில் எரிவாயு உருளை இறக்குகிறவள்.
சனிக்கிழமை இவளுக்கும் அவளுக்கும் ஆறு சுற்று.
சுவரொட்டி என் ஷட்டரிலேயே தொங்குகிறது,
என்னைக் கேட்காமல் ஒட்டியது.

இவள் இடது ஷூவில் வட்டம் இல்லை.
முன்பாதத்தில் வரிகள் வாங்கிய அன்று போல.
வெளிவிளிம்பு மட்டும் சரிந்து தேய்ந்திருக்கிறது.
அதாவது, ஹூக் வீசும்போது கால் நட்ட கம்பமாக நிற்கிறது,
கை தனியே கிளம்புகிறது,
உடம்பு பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி
அதைத் துரத்திக்கொண்டு முன்முழங்காலில் போய் விழுகிறது.
அந்த ஒரு கணம் பின்காலில் எதுவுமே இல்லை.
அப்போது யார் தொட்டாலும் போதும்.

காசில்தா வாங்க வந்தாள்.
"அவளும் உன்னிடம்தான் கொடுத்திருக்கிறாளாமே, எப்படி இருக்கு?"
பசை காயவில்லை என்றேன்.
கேட்டது அதுவல்ல. அவளுக்கும் தெரியும்.

புது அடித்தோல் தரையை இறுகப் பிடிக்கும்.
இடுப்பு திரும்பி, பாதம் திரும்பாவிட்டால்
நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்.
அதனால் காசில்தாவுக்கு அந்த நாணய இடத்தை
உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன், வழக்கம்போல.
நியெவெஸுக்கு எங்கே தேய்ப்பது?
அவள் திரும்பியதே இல்லையே.
கேட்கவும் இல்லை.
விளக்குக் கம்பத்தில் வெளிச்சம் வந்தபிறகும்
ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு தேய்த்தேன். எட்டு இழுப்பு.
சொல்லவில்லை.

சண்டைக்கு நான் போகவில்லை.
கடிகாரக்காரன் வந்து சொன்னான்:
காசில்தா, புள்ளிகளில். சந்தேகமே இல்லை.
நான்காம் சுற்றில் மட்டும்
நெசாக்காரியின் இடது, விலாவுக்குக் கீழே,
ஈரல் இருக்கிற இடத்தில்.
காசில்தா மூச்சுக்காகக் கயிற்றின்மேல் உட்கார்ந்துவிட்டாளாம்.
"எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை" என்றான்.

அடுத்த வியாழன் நியெவெஸ்,
ஒரு கண் இன்னும் பாதிதான் திறந்தபடி.
வலது ஷூவில் தையல் விட்டிருந்தது.
நான் இடதைக் கவிழ்த்தேன்.
எட்டு இழுப்பின் மேல் மெல்லிய கறுப்புக் கீறல்,
மூன்றாம் பிறை அளவு.
முழு வட்டத்துக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

"ஒத்திலியா, இந்த ஷூ வழுக்குது" என்றாள்.
"தெரியும். சரி பண்ணவா?"

வெறுங்காலோடு ஈரச் சிமெண்டில் நின்றுகொண்டு
பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும்
இரண்டு முறை மாற்றினாள்.
இடது குதிகால் கொஞ்சம் எழும்பியது.

"வேண்டாம்" என்றாள். "வலதை மட்டும் தை."