பட்டிக்குப் பின்னால்

முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு ராத்திரிதான்.
பதினோரு குழந்தைகள், ஒன்பது சீட்டுகள்,
இருக்கிற இரண்டு டார்ச்சில் ஒன்றுக்கு பேட்டரி இல்லை.
வேலந்தாவளம் சந்தையில்
அடிபட்டு ஒதுங்கிய காய்களைக்
கிலோ ஆறு ரூபாய்க்குப் பேசி
ஸ்கூட்டியில் மூன்று நடை ஏற்றி வந்தேன்.
நான் அரசாணிக்காய் என்கிறேன்.
லிஜி மத்தன் என்கிறாள்.
பிள்ளைகள் பம்ப்கின் பம்ப்கின் என்று ஓடிவந்து
தட்டிப் பார்க்கிறார்கள்.
மூன்று பெயருக்கும் ஒரே சத்தம்தான்.

முதல் காய்க்கு நான் வெட்டிய முகம்
பயமாக வரவில்லை.
கரண்ட் ஆபீஸ் வரிசையில்
சில்லறை இல்லாமல் நிற்கிறவன் முகம்.
எதிரே, பூச்சு காணாத வீட்டில்
நாக்கைத் தள்ளித் தொங்குகிறது திருஷ்டிப் பூசணி.
இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல்
அது பார்க்கிற வேலைக்கு
நாங்கள் இப்போதுதான் யூடியூப் பார்த்துப் படிக்கிறோம்.

முதல் சீட்டு:
கஸ்டமர் கேர் அக்கா
மலையாளத்துக்கு மாறும் இடத்தில் நில்.
மூன்றாவது, ஜிஎஸ்டி வந்ததும் பூட்டிப்போன செக்போஸ்ட்டில்,
கண்ணாடி இல்லாத கவுண்டருக்குள்.
நிறுத்த ஆளில்லை, கேட்க ஆளில்லை,
லாரிகள் மட்டும் அந்த இடம் வந்தால்
இன்னமும் கியரைக் குறைக்கின்றன.
ஆவி என்றால் அதுதான் என்று தோன்றியது.
சீட்டில் எழுதவில்லை.

நான்காவதை வாசித்ததும்
லிஜி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
பட்டிக்குப் பின்னால் பார், என்று எழுதியிருந்தேன்.
ஆட்டுப்பட்டியைத்தான் சொன்னேன்,
மயில்சாமியண்ணன் தோட்டத்துப் பட்டி.
'ஜிஷ்ணு போய் நாயோட வாலைத் தூக்கிப் பார்ப்பான் சேச்சி.'
அவள் மொழியில் பட்டி குரைக்கும்.
மாற்றலாமா என்றேன்.
வேண்டாம், ஓடட்டும் என்றாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தேடிக் கொண்டுவர வேண்டியவை,
போனில் பார்த்து எழுதிய பட்டியல்:
கறுப்பு இறகு,
கலையாத சிலந்தி வலை
(எப்படிக் கொண்டுவருவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை),
ஒரு எலும்பு.
கோகிலவாணி வீட்டில் சைவம்,
எலும்பை அடித்து முருங்கைக் குச்சி என்று எழுதினேன்.
ரிஃபா கறிக்கடைக்காரர் மகள்,
அவளுக்கு இது பெரிய நஷ்டம்.
கடைசி வரி:
இறந்துபோன ஒருவருடைய பொருள்.

நான் விதை வழித்துக்கொண்டிருந்தேன்.
லிஜி பேனாவை எடுத்து
அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள்.
இன்னொரு கோடு.
எழுத்து தெரியாத வரைக்கும் போட்டாள்.
பிறகு கொழிஞ்சாம்பாறையில் வாங்கிவந்த
மெழுகுவத்திப் பாக்கெட்டைப் பிரித்தாள்.
பன்னிரண்டு.
ஒன்றை மட்டும் எடுத்து
ஃப்ரிட்ஜ் தலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்தாள்.
'இது ரெண்டாம் தீயதிக்கு.'
கல்லறைத் திருநாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
பதினோரு காய்க்குப் பதினோரு வத்தி,
கணக்கு சரியாக இருந்தது.

பத்தரைக்கு மேல் சீட்டு ஒளிக்கப் போனேன்.
ஐப்பசித் தூறல்.
ஒவ்வொன்றையும் பால் கவருக்குள் சுருட்டி
ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன்.
பேக்கரி வாசலில் படுத்திருந்த செவலை
பின்னாலேயே வந்தது.
நாய்க்கு எல்லைக்கல் ஒரு காலைத் தூக்கும் இடம்,
அவ்வளவுதான்.
பட்டியின் பின்பக்கம், மூங்கில் படலில்
நான்காவதைச் செருகித் திரும்பினால்
அது அங்கேயே சுருண்டு
மூக்கை வாலுக்குள் வைத்துக்கொண்டது.
உள்ளே ஆடுகள் ஒருமுறை கனைத்துவிட்டுச் சும்மா இருந்தன.
பட்டிக்குப் பின்னால் பட்டி.
நாளை சாயங்காலம் வரை இப்படியே கிட,
உனக்கு இரண்டு பன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் பார்க்கிறேன்:
கை காலியாக இருக்கிறது,
ஒன்பதும் வைத்தாயிற்று,
ஏழாவதை எங்கே வைத்தேன் என்று
சத்தியமாக நினைவில்லை.