மீதி நூற்றறுபது

சாத்தூரில் எனக்கு உயரம் என்றால் ஸ்டூல்.
டியூப்லைட் மாற்றுவது எப்போதும் இருளப்பன்தான்.
மொட்டைமாடியில் துணி காயப்போட்டாலும்
நடுக்கொடி மட்டுமே என்னுடையது.

வட்டக்கானலில்
டால்ஃபின் மூக்குப் பாறையின் நுனியில்
அவரும் மகளும் படமெடுத்துக்கொண்டிருக்க
நான் இருபதடிக்கு இப்பால்
ஒரு வேரைப் பிடித்தபடி,
சுட்ட சோளத்தைக் கொறித்தபடி.

இருநூறு ரூபாய் நோட்டு. சோளம் நாற்பது.
மகள் சோளத்தைத் தந்துவிட்டு ஓடிவிட்டாள்.
மீதி?
"சில்லறை இப்பத்தான் சேருது மேடம்,
வந்து வாங்கிக்கங்க!"
பள்ளத்துக்கு முதுகைக் காட்டி
அடுப்பு விசிறுகிறாள் ஜெசிந்தா.

கூட்டுறவு வங்கியில்
பத்தொன்பது வருடம் கேஷ் கவுன்ட்டர்.
ஒரு ரூபாய் இடித்தாலும்
எனக்கு ஷட்டர் இறங்காது.

போனேன்.
எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள்.
எண்ணினேன்: நூறு, ஐம்பது,
அந்தப் பத்து மட்டும் கிழிசல்.
"வேற குடும்மா."
அவள் டப்பாவைக் கவிழ்த்துத் தேடும்வரை
நின்றேன்
காற்று முந்தானையை இழுக்க.

அப்புறம்தான் பார்த்தேன்.
அவள் தோளுக்குப் பின்னால்
பெரியகுளம், கொட்டிவைத்த தீப்பெட்டிகளாய்.
யாரோ மறந்து வைத்த தட்டுப்போல
வைகை அணை.
ஒரு பருந்து,
அதன் முதுகு தெரிந்தது.
பருந்தின் முதுகை
அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

நல்ல பத்து வந்தது.
கணக்கு நேர்.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.

திரும்பும்போதுதான் முழங்கால்
தந்தியடிக்க ஆரம்பித்தது.
உட்கார்ந்தே நகர்ந்து வந்தேன்.
படத்தில் இருப்பது அதுதான்.