வேகம் இருபது

எடப்பாளையம் தாண்டி, குகைக்குச் சற்று முன்னால்
மஞ்சள் பலகையில் இருபது என்று எழுதியிருக்கும்.
கொல்லம் வண்டி அங்கே தவழும்.
பயணிகள் கைப்பேசியை நீட்டிப்
பள்ளத்தாக்கைப் படம் பிடிப்பார்கள்.
மலைப்பக்கம் யாரும் திரும்புவதில்லை.

நான் கீமேன்.
சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை,
தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு.
இப்போது வளைந்த கிளிப், பெயர் மட்டும் பழசு.
தினம் ஆறு கிலோமீட்டர், தட்டிக் கேட்டபடி நடப்பேன்.
இறுகியது கணீரென்னும்.
தளர்ந்தது இருமும்.

அகலப்பாதை போட்ட வருஷம்
சரிவை வெட்டிய ஜேசிபியின் வாயில்
கற்கள் வரிசையாய் வந்தன.
முழங்கால் உயரம். பெயர் இல்லை, எண் உண்டு.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
அடுத்ததில் எண்ணும் இல்லை;
குழி ஒரு கடப்பாரை நீளம்கூட இல்லை.
பக்கத்தில் நீலக் கண்ணாடி மருந்துக் குப்பி.

ஜேசிபி ஓட்டிய புத்வா ஓராவ்ன்
எஞ்சினை அணைத்தான். இறங்கினான்.
சேற்றில் செருப்பைக் கழற்றினான்.
எனக்கு அவன் பாஷை தெரியாது.

அதிகாரி குடைக்குள்ளிருந்தே பேசினார்.
கல்லறை என்றால் கோப்பு,
கோப்பு என்றால் ஆறு மாசம்.
"வெறும் கல்லாணு, அல்லே?" என்றார் என்னிடம்.
கல் இரண்டு மொழியிலும் கல்தான்.
சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன்.

பிறகு பழைய ஸ்டேஷனை இடித்தபோது
கரையான் தின்றது போக மூன்று பக்கம் கிடைத்தது.
கொம்பையா, காய்ச்சல், பாக்கி ஆறணா.
ஊர்க்காவலன், பாறை, பாக்கி இல்லை.
ஆவுடைச்சி, மண்கூடை, காய்ச்சல்,
பாக்கி பதினோரணா, வாங்க ஆளில்லை.
பெயர்கள் காகிதத்தில். எண்கள் கல்லில்.
இரண்டையும் சேர்க்கும் பக்கம்
கரையானுக்குப் போயிருந்தது.

இடவப்பாதி மழை பிடித்தால்
அந்த இடம் மட்டும் இரண்டு விரல் இறங்கும்.
ஜல்லி கொட்டுவோம், தூக்குவோம், மட்டம் பார்ப்போம்.
மறுபடி இறங்கும்.
அதனால்தான் அந்த இருபது.
ஊற்று என்று எழுதினார் பொறியாளர்.
சரிதான், நானே பார்த்தேன், ஊற்றுதான்.
பேய்பிசாசு எனக்குக் கிடையாது.
ஆனாலும் அங்கே வந்ததும்
சுத்தியல் தானாக மெதுவாய் விழுகிறது,
நோயாளி இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

போன வாரம் ஆய்வுக்கு வந்தவர்கள்
மார்ச்சுக்குள் முப்பதாக்கச் சொல்லிவிட்டார்கள்.
கான்கிரீட் இறக்கப் போகிறார்களாம்.
தோண்டுவார்கள்.
ஒருவர் குடைக்குள்ளிருந்து கேட்பார்.

குப்பி என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது.
என்ன சொல்வதென்று
இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தபடி நடக்கிறேன்.
ஆறு கிலோமீட்டர் போதவில்லை.