பகலில் யார்

நாய் வேண்டுமென்று முதலில் சொன்னது யார்
என்பதில் இன்னும் தகராறு.
மோட்டார் ஒயரைத் திருடுகிறார்கள் என்றான் உப்பிலி.
எங்களிடம் மோட்டாரே கிடையாது.
கொல்லையில் பாம்பு நடமாட்டம் என்றேன் நான்.
பார்த்தது ஒரு சட்டை, அதுவும் போன வருஷம்.

தஞ்சாவூரில் ஒரு லாப்ரடார் பார்த்தோம்.
தாய்க்கு ஏசி அறை.
அவன் குட்டியைப் பார்த்தான், நான் மீட்டரை.
ராஜபாளையம் கொண்டுவந்த தரகர்
மூன்று தலைமுறை எழுதிய தாளை நீட்டினார்.
எங்கள் ரேஷன் கார்டில்கூட
இவ்வளவு பிழையில்லாமல் பெயர்கள் இல்லை.
சிப்பிப்பாறை என்றால் ஓட வேண்டுமாம்.
எங்கள் கொல்லை பதினெட்டடி,
அதில் நாலடி செப்டிக் டேங்க்.

பாபநாசம் தாண்டி, அறுவடை மிஷின் ஓட்டும்
சகாயராஜ் வீட்டில் ஐந்து குட்டிகள்.
தாய் அந்தத் தெருவுக்கே பொது.
தகப்பன் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம்.
சாக்கின் மேல் ஐந்தும்
ஒன்றின் மூச்சில் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.
காசு வேண்டாம் என்றான்.
பெல்ட்டில் சிக்கிய வைக்கோலைப் பிடுங்கியபடி
நிமிராமல் ஒன்றுதான் கேட்டான்:
‘பகல்ல வீட்ல யாரு?’

கும்பகோணத்தில் அவனுக்கு ஒரு வேலை, எனக்கு ஒன்று.
‘ஏற்பாடு பண்ணிடுவோம்’ என்றான் உப்பிலி,
நகைக்கடன் கட்டத் தவணை கேட்பவர்கள்
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிற அதே குரலில்.

புதன்கிழமை லீவு போட்டேன்.
‘வெளில பூட்டிட்டுப் போ’ என்றேன்.
போனை பீரோவில் வைத்தேன்.
ஒன்பது பத்து. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
வாய்க்கால் பாலத்தில் பெயர்ந்த கல்
டடக் என்றது.
பிறகு அவன் இல்லை.

கோலமாவு கல்லுப்பு என்று ஒரு ஒலிபெருக்கி
என்னைத் தேடி வருவதுபோல் வந்து
தேடாமல் போனது.
கரண்ட் போயிற்று.
ஃபேன் நிற்க எவ்வளவு நேரமாகிறதென்று
பதினோரு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.
வெயில் டிவி ஸ்டாண்டின் காலில் இருந்தது.
தூங்கி எழுந்தேன்.
வெயில் டிவி ஸ்டாண்டின் காலில் இருந்தது.
மதில்மேல் போன பூனை ஜன்னலுக்குள் பார்த்து
இது வேறு ஆள் என்பதுபோல் நின்றது.
யாரோ கேட்டை ஆட்டினார்கள்.
எழுந்துவிட்டேன். குரல் தொண்டைவரை வந்தது,
என்ன சொல்லவென்று தெரியாமல்.
கூரியராக இருக்கும்.
போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.
மயிலாடுதுறை ரயில் தாண்டியது.
அரிசி டின்னைத் திறந்து மூடினேன்,
சத்தத்துக்காக.

ஐந்தரைக்கு மேல் பாலத்தில் வண்டிகள்.
டடக். இது இல்லை.
டடக் டடக். ஸ்கூல் வேன்.
டடக். நெல் மூட்டையோடு டிராக்டர், இது இல்லை.
டடக்.
சைலன்சர் போல்ட் லூசான அந்த நடுக்கம்
தெருமுனை திரும்புவதற்குள்
நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம்.
சட்டையில் பெட்ரோல், டீ, எவர் கடையிலோ கொளுத்திய ஊதுவத்தி.
இதையெல்லாம் தினமும் கொண்டுவந்திருக்கிறான்.
‘எப்படி இருந்துச்சு?’
‘ரெண்டா எடுத்துக்கலாம்’ என்றேன்.

ஸ்பீக்கரில் சகாயராஜுக்குப் பின்னால்
மிஷின் இரைந்தது. மழைக்குள் குறுவையை முடிக்க வேண்டும்,
விடிந்தால் அம்மாபேட்டை, அதற்குள் ரிப்பேர்.
‘ரெண்டா? எந்த ரெண்டு?’
‘எது எதுமேல தலை வச்சுத் தூங்குதோ, அந்த ரெண்டு.’
‘அது தெனம் மாறுதேக்கா.’
உப்பிலி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
‘இப்ப எப்படித் தூங்குது?’

மிஷின் நின்றது.
‘இருங்க, பாத்துட்டு வர்றேன்.’
பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றோம்.
போனுக்குள் செருப்புச் சத்தம்,
ஒரு தகரக் கதவு,
பிறகு, எதையும் எழுப்பிவிடாமல் குனிகிற
ஒருவனின் மூச்சு.