இன்னும் சாகாத ஆடுகளின் பேரில்

பணம் ஏறியதாகக் கைபேசி சொன்னதும்
நோர்ஜ்மா கேட்டாள்:
யார் செத்தது?

சாவுக்குப் பிறகுதான் பணம் வரும் இங்கே.
போன முறை மே மாதம் ஒருவர் வந்தார்.
பனி விலகிய சரிவில் நடந்து நடந்து
காதுகளை எண்ணினார்.
நூற்றுப் பதினேழு.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒரு மூட்டை மாவு இறக்கிவிட்டுப் போனார்.

இப்போது நவம்பர்.
மங்கோலிய மலைகளின் மேல் வானம்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
ஆடுகள் அவசரமில்லாமல் மேய்கின்றன
மழை பொய்த்த கோடையின் அரைவிரல் புல்லை.
அதன் மேல் பனி விழுந்து,
ஒருநாள் இளகி, மறுநாள் இறுகினால்
புல் கண்ணாடிக்குள் போய்விடும்.
ஆடு முட்டும். உதடு கிழியும்.
தலைநகரில் யாரோ வரைபடத்தில்
அதைப் பார்த்துவிட்டார்களாம்.

பனி வராவிட்டால் திருப்பிக் கேட்பார்களா?
புரேவ்ஜாவுக்கு அதுதான் கவலை.
அவளே எண்ணைத் தேடி அழைத்தாள்.
சளிபிடித்த ஒரு சின்னப் பெண் குரல்:
"கேட்கமாட்டோம் அக்கா.
வராவிட்டால் நல்லதுதானே."

நல்லதற்குக் காசு கொடுத்து
அவள் பார்த்ததில்லை.

அறுபது கட்டு வைக்கோல்.
நான்கு மூட்டை தவிடு.
கொட்டகையின் வடக்குச் சுவருக்குத் தகரம்.
பையனுக்குப் பூட்ஸ், அது கணக்கில் இல்லை.
கடைக்காரர் பழைய பாக்கியில்
கொஞ்சம் பிடித்துக்கொண்டார், அதுவும் இல்லை.

வழக்கம்போல லாரியோடு வந்தான் தாவாசுரேன்.
வானிலை அறிக்கை அவனுக்கும் வரும்,
எங்களுக்கு முன்பே வரும்.
பாதி விலைக்கு ஓட்டிப்போகும் ஆடுகளை
கண்ணாலேயே பிரித்துக்கொண்டிருந்தான்.
அவள் உப்புத் தேநீர் கொடுத்தாள்.
இன்னொரு கோப்பை கொடுத்தாள்.
பட்டியைத் திறக்கவில்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி இரவு
காற்று நின்றது.
காலையில் கதவைத் தோளால் தள்ள வேண்டியிருந்தது.
பிறகு நாற்பத்தாறு நாள்.
வைக்கோல் முப்பத்தெட்டு நாளுக்கு வந்தது.
மிச்ச எட்டு நாளைப் பற்றி
அவள் யாரிடமும் பேசுவதில்லை.

மே மாதம்.
சரிவில் முப்பத்தொன்று கிடந்தன.
எண்ண யாரும் வரவில்லை.
பட்டி வாசலில் நின்று
அவளே மற்றவற்றை எண்ணத் தொடங்கினாள்:
ஒன்று, இரண்டு, கன்னத்தில் கறுப்புள்ளது, நான்கு...
ஒரு குட்டி தாவியது. விட்டுப்போயிற்று.
மறுபடி முதலிலிருந்து.
செத்தவை அசையாமல் கிடந்து கணக்குக் கொடுக்கும்.
இவை நின்றால்தானே.