இளைப்பு

விளையாட்டுக் கூடத்தின் சாவிகள் என்னிடம்.
பதினேழு. எந்தப் பூட்டுக்கென்றே தெரியாதவை நான்கு.
பனேவேஜிஸில் நவம்பர் என்றால்
மூன்றரைக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.

நகராட்சியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டது
அட்டையில் வெட்டிய ஆள்:
தௌத்விதாஸ், நூற்று நாற்பத்திரண்டு கிலோ,
மூன்று வருடத்துக்கு முந்தைய சீருடை,
வயிற்றில் பதினான்காம் எண் பிதுங்கி.
பக்கத்தில் வந்து நிற்கப் போகிறவர்
நூற்றுப் பதினொன்று.
இளையோர் உடல்நல வாரம் என்ற பதாகையை
ஏணி வைத்து நான்தான் கட்டினேன்.
ஒரு முனை கடைசிவரை தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

அவர் வந்தார், கதவில் குனிந்து.
மெலிந்தவர்களிடம் எல்லோரும் கேட்பதையே கேட்டார்கள்:
என்ன சாப்பிட்டீர்கள், எதை விட்டீர்கள்.
எழுதிக் கொடுத்திருந்த தாளை வாசித்தார்:
தண்ணீர், தூக்கம், படிக்கட்டு.
தாளில் இல்லாததையும் சொன்னார், குரல் இறங்கி:
வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்து நிற்கும்
பெட்ரோல் பங்கில்
ஆட்டிறைச்சி வைத்த கிபினை நான்கு தின்பேன்,
தோற்றால் ஆறு.
அந்த வருடம் நிறையத் தோற்றோம்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நகராட்சிப் பெண்மணி சிரிக்கவில்லை.

நான் கஸ்பரஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறாம் வகுப்பு. உடை மாற்றும் அறையில்
எல்லோரும் போன பிறகே சட்டையைக் கழற்றுவான்.
அவனுக்காகப் பூட்டுவதைத் தாமதிப்பேன்,
அது அவனுக்குத் தெரியாது.
இன்று அட்டை ஆளின் பின்னால் போய் நின்றான்.
ஒளிந்துகொள்ள
முதன்முதலாக அவனுக்கு இடம் போதுமாயிருந்தது.

அங்கிருந்தே கேட்டான்:
"அந்த முப்பத்தொரு கிலோ எங்கே போனது?"

தௌத்விதாஸ் வாயைத் திறந்தார், மூடினார்.
தாளைப் புரட்டினார். பின்பக்கம் வெற்று.
"வேர்வையாக..." என்றார், தானே நம்பாமல்.
"கழிப்பறையில்!" என்றான் எவனோ. கூடம் அதிர்ந்தது.

உர்தே எழுந்தாள், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு.
"மூச்சில்," என்றாள்.
"பெரும்பகுதி மூச்சாகத்தான் வெளியே போகும்.
உயிரியலில் போன வாரம்தான் படித்தோம்.
நீங்கள் உங்களையே ஊதிவிட்டிருக்கிறீர்கள்."

யாரும் மூச்சு விடவில்லை.

முப்பத்தொரு கிலோ மனிதன்
ஊரெல்லாம் ஊதப்பட்டிருக்கிறான்:
நெவேஜிஸ் ஆற்றுப் பாலத்தில், அதிகாலை ஐந்தரைக்கு,
நாயோடு நடந்த யாரோ ஒருத்தியின் முகத்தில்.
கரையோர லிண்டன் மரங்கள்
கொஞ்சம் தின்றிருக்கும்.

தௌத்விதாஸ் அட்டையிடம் போனார்.
"தம்பி, இவனைக் கொஞ்சம் நகர்த்தலாமா?
ஆடுகளத்தில் நிற்கிறான்."
கஸ்பரஸ் கால்பக்கம், அவர் தலைப்பக்கம்,
தூங்குகிறவனைத் தூக்குவது போல் தூக்கினார்கள்.
குப்புறப் போடவில்லை. சுவரில் சாய்த்தார்கள்,
முகம் வளையத்தைப் பார்க்கும்படி.
"அரையிறுதியை ஜெயித்தது இவன்தான்," என்றார்,
தூசு தட்டுவது போல் அதன் தோளைத் தட்டி.

பிறகு உரை இல்லை. பந்து மட்டும்.
கஸ்பரஸ் எறிந்த ஒன்றும் வளையத்துக்குள் போகவில்லை.
ஒன்று பதாகையில் பட்டது, ஒன்று என் வாளியில் விழுந்தது.
ஓடினான், நின்றான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு
புஸ் புஸ்ஸென்று இளைத்தான், மறுபடி ஓடினான்.
அவனுக்கு மூச்சு வாங்குகிறது என்றார் பெண்மணி, பதறி.
வாங்குகிறானா?
உர்தே கணக்குப்படி கொடுக்கிறான்.

கண்ணாடிகள் வேர்க்கத் தொடங்கின.
முதலில் வடக்குச் சுவரில், பிறகு எல்லாமே.
வெளியே தெருவிளக்குகள் மஞ்சளாகக் கலங்கின.
வழக்கமாக நான் துடைத்துவிடுவேன்.
அறுபது பிள்ளைகள், ஒரு பெரிய மனிதர்,
யார் யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?
துணியை வாளியிலேயே விட்டேன்.

ஏழு மணிக்கு எல்லோரும் போயிருந்தார்கள்.
உடை மாற்றும் அறையில் யாருக்காகவும்
காத்திருக்க வேண்டியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை,
மறந்துவிட்டேன்.
பதாகையை அவிழ்க்க ஏணியில் ஏறினேன்.
ஐம்பத்தெட்டு வயது. ஆறாம் படியில் நின்று இளைத்தேன்.
மேல் சன்னலில் ஒரு கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது.
அதில் மெல்ல விரிந்தது
என் பங்கு,
ஒரு ரொட்டித் துண்டு அகலத்துக்கு.