பதினெட்டு நிமிடம்

குந்தார்ஸ் போனபோது
தொப்பிகளை எடுத்துக்கொண்டான்,
மீன்பிடி நாற்காலியை, கடனில் பாதியை.
குளியல் தொட்டியின் விளிம்பில்
ஒரு துரு வளையத்தை விட்டுவிட்டுப் போனான்.
பதினோரு ஆண்டு ஒரே இடத்தில் நின்ற
நுரை டப்பாக்களின் அடித்தடம்.
வினிகர் ஊற்றினேன், சோடா மாவு போட்டுத் தேய்த்தேன்.
வெளிறியது. ஈரம் பட்டதும் மறுபடி சிவந்தது.

அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்:
சவரம் அவனுக்கு இரண்டு நிமிட வேலை.
ஒரு சீறல், உள்ளங்கையில் முட்டையளவு வெள்ளை,
கத்தி நாலு இழுப்பு, குழாய், கதவு.
நல்ல நாட்களில் மிச்ச நுரையால்
கண்ணாடியில் மகளுக்கு ஒரு முயல்.
கெட்ட நாட்களிலும் இரண்டு நிமிடம்தான்.

ஏவால்ட்ஸ் நவம்பரில் வந்தார்,
ஒரு பெட்டி, ஒரு பித்தளைக் கிண்ணம்,
பன்றி மயிர்த் தூரிகை ஒன்றுடன்.
தூரிகை தலைகீழாகத்தான் தொங்க வேண்டுமாம்,
இல்லையென்றால் வேர் அழுகுமாம்.
துண்டு மாட்டும் கொக்கி அதற்குப் போனது.
துண்டு என் தோளுக்கு வந்தது.

நான் ஓட்டும் டிராம்
நாலு ஐம்பதுக்குப் பணிமனையை விட்டு வெளியேற வேண்டும்.
ரீகாவில் அந்நேரம் விழித்திருப்பது
பனி அள்ளுகிறவர்களும் நானும்,
ரொட்டி ஆலைக்குப் போகும் ஏவால்ட்ஸும்.
வீட்டில் ஒரே குளியலறை.
உள்ளே வெந்நீரில் தூரிகை ஊறும்,
பிறகு சோப்பின்மேல் சுற்றல், கிண்ணத்தில் சுற்றல்,
அப்புறம் கன்னத்தில், அது தனி.
பற்பசை உள்ளே, பல் வெளியே.
கதவைத் தட்டினால்
"இன்னும் கெட்டிப்படவில்லை" என்பார்
கஞ்சி கிளறுகிறவர்போல.
ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்.
பதினெட்டு.

பிப்ரவரியில், தெரியாத பனிக்கட்டியில் வழுக்கி
வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.
இடக்கையால் சுற்றிப் பார்த்தார்:
கிண்ணம் தொட்டிக்குள் உருண்டு
நாலு மாடியையும் எழுப்பியது.
நான் இரக்கப்பட்டு,
பொய் எதற்கு, உள்ளூர ஒரு சின்ன வெற்றியோடு,
மலிவான நுரை டப்பா ஒன்று வாங்கிவந்து
பழைய வளையத்தைத் தவிர்த்துப்
பக்கத்தில் வைத்தேன்.
ஒரு விரல் போதும், ஏவால்ட்ஸ்.
அவர் ஒரே ஒருமுறை அழுத்தினார்.
உள்ளங்கையைச் சாய்த்துப் பார்த்தார், மோந்தார், கழுவினார்.
"வரும்போதே முடிந்துபோய் வருகிறது."
வேறெதுவும் சொல்லவில்லை.
தாடி வளர்த்தார்.

ஆறு வாரம் குளியலறை எனது.
பல் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன்.
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
குழாய் சொட்டுவதை எண்ணினேன்.
பதினெட்டு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
பணிமனைக்கு முன்னதாகவே போய்
விளக்கெரியாத டிராமில் கையுறையோடு உட்கார்ந்திருந்தேன்.
தாடியில் நரை இருந்தது, எதிர்பாராமல் கொஞ்சம் செம்பட்டையும்.
இருட்டில் அருகே வந்தபோது
யாரோ மாடி மாறி வந்துவிட்டார் என்று
ஒரு கணம் விலகிவிட்டேன்.
அவரும் அதைக் கவனித்தார்.

கட்டுப் பிரித்த மறுநாள், நாலு மணிக்கு,
தாழ்ப்பாள் விழுந்தது. வெந்நீர் ஓடியது.
கிண்ணத்தில் சளக், சளக்.
மெலிந்துபோன கை. நின்று நின்று சுற்றியது.
மேல்கோட்டும் காலணியுமாய்க் கதவருகே நின்றேன்.
கோபம் இல்லாமல் இல்லை.
இருபத்தேழு நிமிடம்.
தட்டவில்லை. பல்லும் தேய்க்கவில்லை.
முதல் நிறுத்தத்தில் ஏறிய செவிலிப் பெண்ணுக்கு
வாயை மூடியபடியே தலையசைத்தேன்.

ஞாயிறன்று எறிவதற்காக டப்பாவைத் தூக்கினேன்.
அடியில் ஒரு புது வளையம், ஆரஞ்சு நிறத்தில்,
பழையதை ஓரமாய்த் தொட்டபடி.
ஒரே ஒருமுறை அழுத்திய டப்பா.
சாப்பிட வந்திருந்த மகள் கேட்டாள்,
என்னம்மா இது, இரண்டு?
ஈரம், என்றேன்.
அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக் குலுக்கினாள்.
இருபத்து மூன்று வயது.
கண்ணாடி நிறைய ஒரு முயல்,
ஒரு காது மட்டும் ரொம்ப நீளம்.

காலையில் அது வழிந்திருந்தது.
ஏவால்ட்ஸ் வயிறு இருந்த இடத்தை மட்டும் துடைத்து
அதற்குள் முகம் பார்த்துக்கொண்டார்.
காதை விட்டுவிட்டார்.
இருபத்தொன்று.